அப்பா பூட்டிய மோரிஸ்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிப் பையன் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறான். அவனைவிடக் கார் மூத்தது. வாங்கிய மறுநாளே குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், இதைத் திருட்டுப் போகாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டான். வைட்ஃபீல்டில் ஆலோசனைக்கா குறை? எங்கே போனாலும் கைப்பேசியில் காட்டும் கருவி, ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பூட்டு, தூணுக்குத் தூண் கேமரா என்று அரை மணி நேரத்தில் நாற்பது பதில்கள். நானும் ஏதோ எழுத ஆரம்பித்து, நாலு வரி போனதும் அழித்துவிட்டேன். அந்தக் குழுவில் சொல்லக்கூடிய விஷயமில்லை அது. உங்களிடம் சொல்லலாம். நம் வயதுக்காரர்களுக்கு, சோக்கை இழுத்துக் காரைக் கிளப்புவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அப்போது நாங்கள் பிரேசர் டவுனில் இருந்தோம். எனக்கு வயது பத்து. தம்பிக்கு நாலு. அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் போனால் மாலை ஆறு மணிக்குத் திரும்புவார். அந்தச் சம்பளத்துக்குக் கார் வைத்திருப்பது எங்கள் சர்ச்சிலேயே கொஞ்சம் வேடிக்கையான செய்திதான். ஆனால் அது நாங்கள் வாங்கியதல்ல. பக்கத்து வீட்டுப் பியானோ டீச்சர் தன் மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அவர் கணவர் படுக்கையில் கிடந்த வருஷம் முழுக்க அப்பாதான் ஞாயிறுதோறும் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். அதற்காக யாரும் கார் தருவார்கள் என்று அப்பா எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வெளிர்ப் பச்சை மோரிஸ் மைனர். தோல் சீட்டில் பழைய புத்தகமும் மழையில் நனைந்த கம்பளியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. திரும்பும்போது பக்கத்தூணிலிருந்து திசை காட்ட ஒரு சின்ன ஆரஞ்சுக் கை டக்கென்று வெளியே எட்டிப் பார்க்கும். இடது கை சில நாள் பாதியில் நின்றுவிடும்; நான் உள்ளேயிருந்து தூணை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதற்காகவே என்னை இடது ஜன்னலோரம் உட்காரவைப்பார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார். வீட்டிலிருந்து சர்ச்சுக்கு நடந்தால் பத்து நிமிடம், காரில் போனால் பதினைந்து. கிளப்பவே ஐந்து நிமிடம் ஆகும். மற்ற ஆறு நாளும் வீட்டு முன்னாலிருந்த சிமெண்டுத் தளத்தில் நிற்கும்.

அம்மா ஒருமுறை கேட்டார். "எனக்கும் கத்துக் குடுங்களேன்."

"உனக்கா?" அப்பா சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை; குழந்தை நிலா கேட்டால் சிரிப்போமே, அது மாதிரி. "ஸ்டீரிங்கப் பிடிச்சா நீ ப்ரேக்க மறந்துடுவ. எதுக்கு ரிஸ்க்கு?"

அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. பியானோ டீச்சர் கிளம்பும் அன்று சாவி ஒன்றை அப்பாவிடமும், இன்னொன்றை யாருக்கும் தெரியாமல் அம்மா கையிலும் வைத்துவிட்டுப் போனார் என்பது அப்போது எனக்கும் தெரியாது. அம்மாவின் சாவி அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது.

தம்பிக்கு வீசிங். நம் காலத்தில் இன்ஹேலர் எல்லாம் வீட்டுக்கு வீடு ஏது? பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவனுக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். தெருவில் ஒரு ஆட்டோ இல்லை. தெருமுனை ரிப்பேர் ஷெட்டில், எங்கள் காரையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் பாய் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஓடுவதைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்காமல் தன் ஸ்கூட்டரை எடுத்து வந்து நிறுத்தினார். அம்மாவும் தம்பியும் அதில் போனார்கள். திரும்பி வந்தபோது அம்மாவின் புடவைத் தலைப்பு முழுக்க கிரீஸ். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அப்பா அன்று மாலை தம்பியை மார்பில் போட்டுக்கொண்டு வெகுநேரம் ஜெபம் செய்தார். மறுநாள் காலையில் வழக்கம்போலக் காரைத் துடைத்தார். அம்மா சமையலறை ஜன்னல் வழியாக அவர் துடைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். கார் வாசலில் நின்றது, சாவி கையில் இருந்தது, ஓட்டத் தெரியவில்லை.

கோடை விடுமுறை தொடங்கிய வாரம், மெக்கானிக் பாய் காருக்கு ஆயில் மாற்ற வந்த ஞாயிறன்று, அப்பா கை கழுவ உள்ளே போன நேரம் பார்த்து அம்மா கேட்டார்.

"பாய், எனக்கு ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?"

"நக்கோ அக்கா, வேண்டாம்." அவர் பதறிப் போனார். "சாபுக்குத் தெரிஞ்சா?"

"தெரியும்போது தெரியட்டும். அன்னைக்கு மாதிரி இன்னொரு தடவை என் பிள்ளையத் தூக்கிட்டு என்னால ரோட்ல ஓட முடியாது."

அவர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் என் தம்பி வயதில் ஒரு பெண் இருந்தாள். "செவ்வாய், வியாழன். பதினோரு மணி. அப்போ ஷெட்ல வேலை கம்மி," என்றார்.

அந்த ஏப்ரலை நான் மறக்கவே முடியாது. மழைமரங்கள் இரண்டு பக்கமும் கூடாரம் போட்ட தெருக்கள். பதினோரு மணிக்கு ஒரு ஆள் இருக்காது. அம்மா குள்ளம் என்பதால் தம்பியின் தலையணையைப் போட்டு அதன்மேல் உட்காருவார். பின்சீட்டில் நானும் தம்பியும். மெக்கானிக் பாய் முன்சீட்டில் உட்கார்ந்து, அம்மாவின் பக்கம் திரும்பாமல் நேராகச் சாலையைப் பார்த்தபடியே பேசுவார்.

"ஆஹிஸ்தா அக்கா, ஆஹிஸ்தா. கிளச்ச மெல்ல விடுங்க. தூங்குற கொழந்தைய தொட்டில்ல போடுறோமே, அந்த மாதிரி."

கார் தவளை போல நாலு குதி குதித்து நிற்கும். தம்பி கைதட்டுவான். இரண்டாம் வாரம் குதிப்பு நின்றது. மூன்றாம் வாரம் பார்க்கைச் சுற்றி முழு வட்டம் அடித்தோம். அம்மா பாட ஆரம்பித்தார், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையும்படி. வீட்டில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தெரு டாக்டரின் கார் திருட்டுப் போனது. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே காவல் ஏற்பாட்டை ஆரம்பித்துவிட்டார். முதலில் ஒரு தார்ப்பாய் வந்தது. காரை மூடி நாலு மூலையிலும் கல் வைத்தார். பிறகு பீன்யாவிலிருந்து ஒரு சங்கிலி, யானை கட்டலாம். அதைப் பின்சக்கரத்தில் கோத்து கேட் தூணோடு பூட்டினார். அதுவும் போதவில்லை. எஞ்சினில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ரோட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. ஒவ்வொரு காலையும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். "இனி எந்தக் கொம்பனாலயும் இதை அசைக்க முடியாது," என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஏனென்றால் மெக்கானிக் பாயிடம் பழைய ரோட்டர் ஒன்று இருந்தது. சங்கிலிச் சாவியை அப்பா தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்தார். அவர் ஒளித்து வைத்த எதையும் அம்மா ஐந்து நிமிடத்துக்குமேல் தேடியதில்லை. நாலு கற்களில் எது எந்த மூலை என்று நினைவில் வைத்துக்கொள்வது என் வேலை.

ஒருநாள் காலை சக்கரங்களைச் சுற்றி அம்மாவின் முகப்பவுடரைத் தூவிவிட்டுப் போனார். காலடி விழுந்தால் தெரியுமாம். மாலையில் வந்து பார்த்தால் தரை சுத்தமாக இருந்தது.

"இங்க பவுடர் போட்டிருந்தேனே?"

"வாசலை நான்தான் பெருக்கினேன். என் பவுடரைக் கொண்டுபோய்த் தரையில கொட்டினா பெருக்காம என்ன செய்வாங்க?" என்றார் அம்மா, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

பெட்ரோல் விஷயம் இன்னும் வேடிக்கை. ஓடிய அளவுக்கு மெக்கானிக் பாய் கேனில் கொண்டுவந்து ஊற்றிவிடுவார். ஒரு தடவை அளவு தப்பிக் கூடுதலாக ஊற்றிவிட்டார் போலிருக்கிறது. அப்பா டாங்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுக் குச்சியையே நம்பாமல் மறுபடி விட்டார்.

"பெட்ரோல் ஏறியிருக்கு," என்றார்.

"நல்லதுதானே," என்றார் அம்மா.

"உனக்குப் புரியல. நோட்டம் பார்க்கிறான். கொஞ்சங்கொஞ்சமா ஓட்டிப் பழகுறான். ஒருநாள் ஒரேயடியாக் கொண்டு போயிடுவான்."

நானும் அம்மாவும் பின்கட்டுக்குப் போய் அம்மாவின் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அப்பாவின் பயத்தைப் பார்த்து நாங்கள் சிரித்தோம் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் வாழ்க்கையில் கேட்காமல் வந்த ஒரே பொருள் அந்தக் கார். கேட்காமல் வந்தது சொல்லாமல் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அம்மாவுக்கு அது புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அன்றே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை மாலை. அம்மா பின்பக்கம் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்பா காருக்குள் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் பார்த்து வைத்த எண் வேறு, இப்போது இருக்கும் எண் வேறு. நாலு மைல் கூடியிருந்தது. மீட்டரைப் பார்ப்பார் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

அவர் கத்தவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் தலையில் கைவைத்துக் கேட்டார்.

"பகல்ல யாராவது வண்டிகிட்ட வந்தாங்களாம்மா?"

பின்பக்கத்திலிருந்து அம்மா தம்பியைக் கொஞ்சும் குரல் கேட்டது. அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. யாருமே வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். மீட்டர் அங்கே கண்ணெதிரே இருந்ததால் அதை நம்ப மாட்டார் என்று பயம்.

"மெக்கானிக் பாய் வந்தாரு," என்றேன்.

"வண்டியத் தொட்டாரா?"

"ம்."

"நீயே பார்த்தியா?"

"ம்."

அப்பா என் கன்னத்தைத் தட்டினார். "நீ சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். போய் விளையாடு."

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு மெக்கானிக் பாய் வரவில்லை. அம்மா கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். ஷெட் திறந்து கிடந்தது. ஸ்பானர்கள் தரையில் இருந்தன. பக்கத்துத் தையல்காரர் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார்.

"போலீஸ்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்கம்மா. கார் திருடப் பார்த்தாருன்னு..." அவர் தயங்கினார். "உங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்திருக்காராம். அவரும் ஸ்டேஷன்லதான் இருக்காரு."

அம்மா தம்பியின் கையை என்னிடம் கொடுத்தார். ஷெட்டுக்குள் போனார். சுவரோரம் இருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அந்தப் பழைய ரோட்டரை எடுத்தார். வீட்டுக்கு வந்து கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சங்கிலியைக் கழற்றினார். தார்ப்பாயை இழுத்துத் தரையில் எறிந்தார். கற்கள் எங்கெங்கோ உருண்டன. மெக்கானிக் பாய் செய்வதைப் பலமுறை பார்த்திருந்தாலும் தன் கையால் ரோட்டரைப் பொருத்தியது அன்றுதான். முதல் தடவை சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாவது தடவை உட்கார்ந்துகொண்டது.

"ஏறுங்க ரெண்டு பேரும்."

அதுவரை அம்மா மெக்கானிக் பாய் இல்லாமல் ஓட்டியதில்லை. பெரிய சாலைக்கு வந்ததே இல்லை. ஸ்டேஷன் பெரிய சாலையில் இருந்தது. முக்கில் திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது, நிறுத்தாமல். எதிரே ஒரு மாட்டு வண்டி. அம்மாவின் கழுத்தில் வியர்வை ஓடியது. "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி கிளப்பினார். இடப்பக்க ஆரஞ்சுக் கை பாதியில் நின்றபோது நான் தூணைத் தட்டினேன். அது வெளியே வந்தது. திரும்பினோம்.

அப்பாவுக்கு அந்த எஞ்சின் சத்தம் ஆயிரம் கார்களுக்கு நடுவிலும் தெரியும். ஸ்டேஷனுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர், கார் வாசலில் நுழைந்ததும் பாய்ந்து வெளியே வந்தார். வெயிலில் கண்ணாடி பளபளத்ததால் உள்ளே இருப்பது யாரென்று தெரியவில்லை.

"சார்! என் வண்டி! அதோ திருடன், என் வண்டியிலயே வர்றான்!"

இரண்டு கான்ஸ்டபிள்கள் லத்தியோடு ஓடி வந்தார்கள். அம்மா வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து இறங்கினார். தம்பியின் தலையணையும் கூடவே கீழே விழுந்தது.

அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. ரோட்டர் அங்கேயேதான் இருந்தது. அதை வெளியே எடுத்து ஒருமுறை பார்த்தார். அம்மாவை ஒருமுறை பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் படியில் வந்து நின்று, "ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"கள்ளி நானே, சார்," என்றார் அம்மா, அவரும் கன்னடத்தில். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நான்தான் எடுத்தேன். ஒரு மாசமா. அந்த மனுஷன் எனக்குக் கத்துக் குடுத்தாரு, அவ்வளவுதான். பிப்ரவரியில உங்க பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு யாரு கொண்டு போனாங்கன்னு நீங்க கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவரு ஸ்கூட்டர்லதான் போனோம்."

அப்பா கேட்டிருக்கவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று சொன்னாரே தவிர, எப்படிப் போனீர்கள் என்று கேட்கவில்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் என்னமோ போலாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, தம்பியைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார். "சார், இது போலீஸ் கேஸ் இல்ல. மனே கேஸ். வீட்லயே முடிச்சுக்கோங்க," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு அப்பா எழுதிக் கொடுத்த தாளை நாலாகக் கிழித்தார்.

மெக்கானிக் பாய் வெளியே வந்தார். அப்பா அவர் முன்னால் போய் நின்று, "பாய்..." என்று ஆரம்பித்தார். மெக்கானிக் பாய் அம்மாவுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, "ஷெட் திறந்து கிடக்கு, சாப்," என்று மட்டும் சொல்லி நடக்கத் தொடங்கினார். காரில் ஏறச் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டார். என்னைக் கடந்து போகும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா ஷெட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார், ஏனென்று தெரியவில்லை. மெக்கானிக் பாய் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார். அப்பா அதில் உட்கார்ந்தார். அவர் வேலை செய்துகொண்டேயிருந்தார், அப்பா பார்த்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் இரண்டு கிளாஸ் டீ வந்தது. அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன் பாய். அவளுக்கு மிச்சத்தையும் நீங்களே கத்துக் குடுக்கணும்," என்றார்.

"ரிவர்ஸ் மட்டும்தான் பாக்கி, சாப். அதை நீங்களே கத்துக் குடுங்க," என்றார் அவர்.

அப்பா கற்றுக்கொடுத்தார். பார்க் தெருவில் கார் பின்னால் போகப் போக அவர் அலறுவது ஆலமரத்துக் காக்காய்களை எல்லாம் கிளப்பிவிடும். அம்மா லைசென்ஸ் வாங்கினார். அடுத்த மழைக்காலத்தில் தம்பிக்கு மூச்சு முட்டியபோது எட்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். நாங்கள் வீடு மாறும்வரை கார் எங்களோடு இருந்தது. பிறகு குன்னூரிலிருந்து ஒரு எஸ்டேட்காரர் வந்து விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். கார் திரும்பி மறையும்வரை அப்பா கேட்டில் நின்றார்.

ஆனால் மெக்கானிக் பாய் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மா கேக் கொண்டுபோய்க் கொடுப்பார், ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து பிரியாணி வரும். அவர் வர மாட்டார். வராததற்கு நான்தான் காரணம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குள் ஒன்று சொல்லும்.

முதல் வேலையில் சேர்ந்த வருஷம் ஒரு மொபெட் வாங்கினேன். அது வழியில் நின்றுவிட்ட ஒருநாள் வேண்டுமென்றே அந்தத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன். அவருக்குத் தாடி நரைத்திருந்தது. ப்ளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லாமல் சொல்லிவிட்டேன்.

"பாய், அன்னைக்கு அப்பாகிட்ட உங்க பேரைச் சொன்னது நான்தான்."

அவர் நிமிரவில்லை. "தெரியும் பாப்பா."

"எப்படி?"

"ஸ்டேஷன்ல சாப் சொன்னாரே. என் பொண்ணு கண்ணால பார்த்தா, அவ பொய் சொல்ல மாட்டான்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்கை அப்பா காப்பாற்றவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "அப்பவே நிஜத்தைச் சொல்லியிருக்கலாமே நீங்க? அம்மாதான் ஓட்டுறாங்கன்னு?"

"நான் எப்படிச் சொல்லுறது? அது அக்கா சொல்ல வேண்டிய விஷயம்." அவர் ப்ளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நீயும் பொய் சொல்லலியே. நான் வந்தது நிஜம்தானே?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாப்பா, நான் உக்காந்திருந்த பெஞ்சுக்கு நேரா ஜன்னல். அக்கா உள்ளே வந்தது, திருப்பினது, எல்லாம் பார்த்தேன். ரெண்டு ஜீப்புக்கு நடுவுல ஒரே திருப்பு. ஓரக்கல்லுல முட்டல, எஞ்சின் நிக்கல. நான் எத்தனை பேருக்கு ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன், ஒருத்தனும் வண்டிய அப்படி நிறுத்தினதில்ல. பக்கத்துல நின்ன கான்ஸ்டபிள்கிட்ட சொன்னேன், பாருங்க சார், அது நான் கத்துக் குடுத்ததுன்னு."